ஐஸ்காரர் ஊற்றிய கேன்

மாமியார் வீட்டில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டிரைவர் அதில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை உட்காரப் போனார். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, மூத்த மாப்பிள்ளை வருகிற நேரம், இப்படி பெஞ்சில் உட்காருங்களேன் என்று சொல்லிவிட்டார். மூத்த மாப்பிள்ளை அன்றைக்கு வரவே இல்லை. சாப்பாடு முடியும்வரை நாற்காலி காலியாகக் கிடந்தது. மாமியார் போய்ச் சேர்ந்து, நாற்காலியின் கால் உடைந்து, அதைப் பரணில் தூக்கிப் போட்ட பிறகும் அந்தப் பெஞ்சு டிரைவருக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

மூத்த மாப்பிள்ளை, மனைவியின் அக்காவைக் கட்டியவர். டிரைவருக்குச் சகலை. ஊரில் அவரை ஐஸ்காரர் என்பார்கள். இளவயதில் சைக்கிள் கேரியரில் மரப்பெட்டியைக் கட்டி, ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் தெருத்தெருவாகக் குச்சி ஐஸ் விற்றவர். பாதி ஐஸ் அவர் பேச்சில் உருகிப்போகும். மீதியை, வேலியோரம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். ஐஸ் விற்றதால் அந்தப் பெயரா, ஆளைப் பார்த்து ஐஸ் வைப்பதால் அந்தப் பெயரா என்று கேட்டால் டிரைவர் இரண்டாவதைத்தான் சொல்வார்.

அவருக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. சைக்கிள் செயின் கழன்றால் அப்படியே நிறுத்திவிட்டு, போகிற வருகிற யாரிடமாவது ஊர்க்கதை பேசுவார். பேசி முடிப்பதற்குள் அந்த ஆளே செயினை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவான். டிரைவரோ என்ஜினைப் பிரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர். ஆனால் அவர் வாயைத் திறந்தால் வசவுதான் முதலில் வரும். அவருடைய வண்டி வழியில் நின்றால் ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள்.

பாலத்தை ஒட்டி இக்கரையில் பால் நிலையம். இரண்டு கரை வீடுகளிலும் கறக்கிற பாலை வேனில் ஏற்றி வருவது டிரைவரின் வேலை. கேன்களை வாங்கிக் குளிர் தொட்டியில் ஊற்றுவது, ஐஸ் பெட்டியை விட்டபின் ஐஸ்காரருக்குக் கிடைத்த வேலை. சிபாரிசு யார் என்று கேட்காதீர்கள். அவர் வாய்தான்.

பிறகு கலவரம் வந்தது. எதில் ஆரம்பித்தது என்று இப்போது கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாலம் அடைபட்டது. கடைகள் எரிந்தன. நிலையத்தில் இருந்த இரண்டு தொட்டிகளில் ஒன்று கரிக்கட்டையானது. டிரைவர் வேனை வைக்கோல் போருக்குள் சொருகி மறைத்ததால் அது தப்பியது. மாடுகள் அதிகம் இக்கரையில், புல்லும் புண்ணாக்கு ஆலையும் அக்கரையில் என்று இருந்த ஊர் அது. பாலம் மூடியதும் இங்கே மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. அங்கே கறந்த கொஞ்சநஞ்சப் பாலும் போக வழியில்லாமல் சாக்கடையில் போனது. டீக்கடையில் கறுப்பு டீதான். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

எல்லாம் அடங்கிய பின் இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு குழு போட்டார்கள். டிரைவர் ஒருவரும் சொல்லாமலே நிலையத்துக்குப் போய், எரிந்த வயர்களைப் பிடுங்கி எறிந்து, கம்ப்ரசரைக் கழற்றி மாட்டி, மிச்சமிருந்த தொட்டியை ஓட வைத்தார். அந்த முதல் உறுமல் கேட்டபோது அவர் கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

ஆனால் தொட்டி ஓடினால் போதாதே. உள்ளே ஒரு துடுப்பு சுற்றும். பால் அந்தத் துடுப்பைத் தொடுகிற அளவுக்கு இருந்தால்தான் குளிர் எல்லாப் பக்கமும் போகும். இக்கரைப் பாலை மட்டும் ஊற்றினால் துடுப்புக்குக் கீழேயே நின்றுவிடும். அடியில் ஐஸ் கட்டும், மேலே புளிக்கும். அப்படி ஊற்றியதெல்லாம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நகரத்து டேங்கர் லாரி, கெட்ட பாலுக்காக இவ்வளவு தூரம் வரமுடியாது, இன்னொரு தடவை இப்படியென்றால் இந்த ஊரை வழித்தடத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டது. அக்கரைப் பாலும் சேர்ந்தால்தான் உண்டு, இல்லையென்றால் இரண்டு கரைக்கும் இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அவர்கள் பாலோடு நம் பாலா என்று இங்கேயும் கேட்டார்கள், அங்கேயும் கேட்டார்கள்.

தொட்டிக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்று குழு கூடியது. டிரைவர் அன்று தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். வேறு யாரைப் போடுவார்கள்? அக்கரை ஆள் ஒருவர் எழுந்து ஐஸ்காரர் பெயரைச் சொன்னார். இக்கரைக்காரர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். வருஷம் முழுக்க ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு கரையும் இந்த ஒன்றில் ஒத்துப்போனது டிரைவருக்கு வயிற்றில் தீயைக் கொட்டிய மாதிரி இருந்தது. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஐஸ்காரருக்குப் போட்டார்கள். அதுவும் கைவைத்த நாற்காலி.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நின்றாள்.

“ஏங்க, மாமாவைப் போட்டுட்டாங்களாமே. நல்ல வேளை. நீங்க இருந்தா நாலு பேரை அடிச்சிருப்பீங்க.”

டிரைவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவள் எழுப்பவில்லை. அதுவும் ஒரு குறை.

அக்கரைக்குப் போய்ப் பால் ஏற்றிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கிளட்ச் போய்விட்டது என்றார் டிரைவர். கிளட்ச் கல்லு மாதிரி இருந்தது. தொட்டிக்குப் பொறுப்பாளர் இருக்கிறாரே, வாயாலேயே பாலைக் கொண்டுவரட்டும் என்பது அவர் எண்ணம். ஐஸ்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காய்கறித் தள்ளுவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, காலிக் கேன்களை அடுக்கி, விடிந்ததும் தானே தள்ளிக்கொண்டு பாலத்தில் ஏறினார். டீக்கடை வாசலில் நின்று டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கோணல்மாணலாகப் போனது. ஒரு சக்கரம் கழன்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்புக்காக அவர் வெட்கப்படவும் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் ஐஸ்காரர் திரும்பிவிட்டார். வண்டியை அவர் தள்ளவில்லை. அக்கரை வெல்டர் ஒருவன் தள்ளினான். பின்னால் சொம்பும் தூக்குவாளியுமாகப் பெண்கள். ஐஸ்காரர் கையை வீசிக்கொண்டு முன்னால் பேசிக்கொண்டு வந்தார். சைக்கிள் செயின் கதைதான், வேறென்ன.

நிலைய வாசலில் இக்கரை ஆட்கள் மறித்துக்கொண்டார்கள். தொட்டியில் இருப்பது எங்கள் பால், அதில் இது விழக்கூடாது என்றார்கள். எங்கள் பாலுக்கும் அதில் விழ ஆசை இல்லை, தனித் தொட்டி கொடுங்கள் என்றார்கள் அவர்கள். கொளுத்தியது யார் என்று கரிந்துபோன தொட்டியை ஆளுக்கு ஒருமுறை கை காட்டினார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அக்கரைக் கேன்களை உள்ளே கொண்டுபோய்த் தரையில் தனியாக வைக்க வேண்டும், பேசித் தீர்க்கிறவரை ஒருவரும் மூடியைத் தொடக்கூடாது. ஐஸ்காரரும் சரி என்று தலையாட்டினார்.

டிரைவர் அப்போது உள்ளேதான், கம்ப்ரசர் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு நின்றார். ஐஸ்காரரும் வெல்டரும் ஆளுக்கொரு பிடியாகக் கேனைத் தூக்கி வந்தார்கள். வெல்டர் சின்ன வயதில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஓடி வந்தவன்தான். அவன் மகளுக்குக் காதுவலியாம்.

“ஒருக்களிச்சுப் படுத்தா வலிக்குதா, சும்மா இருக்கும்போதே வலிக்குதா?” என்று ஐஸ்காரர் கேட்டார்.

சும்மா இருக்கும்போதே என்றான் அவன்.

“சளி இருக்கும்ப்பா. குளிர்ந்த தண்ணி குடுக்குறதை நிறுத்து. எங்க வீட்டுலயும் சின்னவளுக்கு இப்படித்தான்...”

வருஷக்கணக்கான பழக்கம். தொட்டிப் பக்கம் வந்தால் அவர் கேன் முழங்காலில் ஏறும், மூடி கழலும், சாயும். சாய்ந்தது. சின்னவளின் காதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அக்கரைப் பாலை இக்கரைப் பாலில் ஊற்றிக்கொண்டிருந்தார் மனிதர். வெல்டரும் காதிலேயே இருந்தான், கையைப் பார்க்கவில்லை.

டிரைவர் பார்த்தார். ஒரு கத்துக் கத்தியிருந்தால் கால்வாசிக் கேனோடு நின்றிருக்கும். கத்தல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினார். ஊற்றட்டும், முழுசாக ஊற்றட்டும், இன்றைக்கு இரண்டு கரையும் சேர்ந்து இவர் தோலை உரிப்பதைப் பார்க்கலாம் என்று நின்றார். எத்தனை வருஷப் பெஞ்சு.

கடைசிச் சொட்டு விழுந்தபோதுதான் ஐஸ்காரர் தன் கையைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. டிரைவரைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசலுக்குக் கேட்கிற மாதிரி, “சகலை, சுவிட்சைப் போடு” என்றார்.

தான் ஏன் அதைப் போட்டோம் என்று டிரைவருக்கு இன்றுவரை தெரியாது. தொட்டி அவர் கையால் ஓட வைத்த தொட்டி, பால் புளிப்பது அவருக்குப் பொறுக்காது, அதனாலும் இருக்கலாம். போட்டார். துடுப்பு பாலைத் தொட்டது. இத்தனை நாள் வெறும் காற்றில் தடதடத்த சத்தம் இல்லாமல், கனமான சளப் சளப் வந்தது. வாசலில் பேச்சு நின்றது.

ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஒருவன் செருப்பைத் தேடினான். அதற்குள் இக்கரைப் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையும் கையில் தூக்குவாளியுமாகக் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

“இனி யாரு வந்து பிரிக்கப்போறீங்க? டேங்கர் வர்ற நேரம். வழி விடுங்க, என்னுதையும் ஊத்தணும்.”

அவள் ஊற்றியதும் அக்கரைச் சொம்புகள் வந்தன. அதன்பின் யார் எதை ஊற்றினார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. டேங்கர்காரன் குழாயை மாட்டி உறிஞ்சிக்கொண்டு போனான். ஊருக்கே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, டிரைவர் வயிற்றைத் தவிர.

ஏனென்றால் கதை மறுநாளே மாறிவிட்டது. ஐஸ்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், வெட்டினால் வெட்டுங்கள் என்று ஊற்றினாராம். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் டிரைவரின் முழங்கை மட்டும் தெரிந்தது. டிரைவர் டீக்கடையில் உண்மையைச் சொன்னார்: அந்த ஆள் காதுவலி பேசிக்கொண்டே மறந்து ஊற்றினார், நான் கண்ணால் பார்த்தேன். டீக்கடைக்காரர் பால் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

“உங்க வயித்தெரிச்சலுக்கு மோர் குடிங்க டிரைவரே. இப்பதான் மோர் கிடைக்குதே.”

மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மச்சினன்மாரிடம் சொன்னார். அவர்கள் பேச்சை மாற்றினார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்தான் பொய்யரானார்.

நிலையம் வளர்ந்தது. புல் வண்டிகள் பாலத்தில் வந்தன. வீடு எரிந்தவர்களுக்குக் கன்றுக்குட்டி கொடுக்க, எல்லார் பால் காசிலும் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். ஒற்றை ஆடு வைத்திருந்த கிழவி ஒருத்தி டம்ளரில் கொண்டுவருவாள். ஆட்டுப்பால் தொட்டியில் சேராது என்று தெரிந்தும் ஐஸ்காரர் அதை வாங்கி, டீக்கடையில் விற்றுக் கொடுத்து, ஊரிலேயே பெரிய பால்காரி நீதான் என்பார். டிரைவரின் கிளட்ச் தானாகவே சரியாகிவிட்டது. ஒருநாள் தவறாமல் அக்கரைக்குப் போய் வந்தார். போகிற வீடெல்லாம் அவரைக் கேட்டது, ஐஸ்காரர் சௌக்கியமா என்றுதான்.

ஐஸ்காரருக்குச் சர்க்கரை. கால் வீங்கி, புண் ஆறாமல், கடைசியில் படுத்துவிட்டார். டிரைவர்தான் வேனில் கேன்களுக்கு நடுவே மெத்தை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வார்டில் இரண்டு கரை ஆட்களும் பழமும் ரொட்டியுமாக மொய்த்தார்கள். ஊசி போட வந்த நர்ஸ்கூட அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துவிட்டுப் போனாள். சாகக் கிடக்கும்போதும் ஐஸ் வைக்கிறான் பார் என்று டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். அங்கேயும் அவருக்கு ஸ்டூல்தான்.

பார்க்க வந்தவர்களை நர்ஸ் வெளியே அனுப்பிய பிறகு ஐஸ்காரர் கண்ணைத் திறந்தார்.

“சகலை, நீ டீக்கடையில சொன்னதுதான் நிஜம்.”

டிரைவர் இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்க ஒரு சாட்சி இல்லாமல் போய்விட்டதே என்றுதான் முதலில் தோன்றியது.

“கத்தியிருந்தா நின்னிருக்கும். நீ கத்தல. நான் மாட்டணும்னுதானே நின்னே?”

டிரைவர் போர்வையை இழுத்து அவர் காலை மூடினார். ஐஸ்காரர் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நின்றதும் தண்ணீர் கேட்டார். இரண்டு மிடறு இறங்கியது. நாளையிலிருந்து தொட்டியை டிரைவரிடம் கொடுக்கச் சொல்லிக் குழுவில் பேசிவிட்டதாகச் சொன்னார். டிரைவர் ஆசைப்பட்ட வேலை. அது கையில் வந்து விழுந்தபோது இவர் கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறதே என்று அவருக்கு மறுபடி எரிந்தது.

அதன்பிறகு ஐஸ்காரருக்குப் பேச்சு அதிகம் வரவில்லை. அவர் டிரைவரிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

“ஒண்ணே ஒண்ணு. கேனைப் பார்த்துப் பார்த்து ஊத்தாத. நீ பார்த்தா வரிசையில நிக்கிறவனும் பார்ப்பான், இது எந்தக் கரைன்னு. யார்கிட்டயாவது பேசிக்கிட்டே ஊத்து.”

“எனக்குப் பேச வராது” என்றார் டிரைவர்.

“அப்ப திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே ஊத்து. கேனை மட்டும் பாக்காத.”