பைத்தியம் என்று சொல்லாதீர்கள்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் குடியிருக்கும் வங்கி அதிகாரி வித்யாலக்ஷ்மியின் தம்பி ஜெய்ராம், வேலையாக வெளிநாடு போன இடத்தில், ரயில் நிலையத்தில் ஒருவன் குண்டைக் கட்டிக்கொண்டு வெடித்ததில் செத்துப்போனான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "யாரோ பைத்தியக்காரன் பண்ணினது, என்ன பண்றது" என்றார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு எரிந்தது.

ஜாதவ்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில், இப்படிக் குண்டைக் கட்டிக்கொண்டு சாகிறவர்கள் பைத்தியங்கள் அல்ல, யோசித்தே செய்கிறார்கள் என்று ஒரு பேராசிரியர் பேசினார். கூட்டம் கொதித்தது. வித்யாலக்ஷ்மி எழுந்து வங்காள மொழியில் பேசினாள்.

"அவர் சொல்வது சரி. ரயில் நிலையத்தில் அப்படி வெடித்த ஒருவனின் கேமராப் பதிவை நான் பார்த்தேன். அவன் ஒழுங்காக வரிசையில் நின்றான், கூட்டம் சேரும்வரை காத்திருந்தான். பைத்தியம் என்று சொல்லி அவனைத் தப்பவிடாதீர்கள்."

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அதேதான். அவர்கள் கணக்கில் குறைந்த செலவு, நிறைந்த பலன்."

"என் தம்பி அதில் செலவா, பலனா?"

அவர் நெடுநேரம் விளக்கினார். முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. கடைசியில், "அந்தச் சொற்களை நான் மாற்றிக்கொள்ள வேண்டும்" என்றார். அவளுக்கு அது போதவில்லை. ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தாள்.