ஒரு பக்க மூக்கு

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் மூக்கடைப்பை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. தேயிலை சலிக்கும் அறையில் பறக்கிற தூள் எல்லோர் மூக்கிலும்தான் ஏறுகிறது. எனக்கும் அதுதான் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். அடைத்தது வலது மூக்கு மட்டும். தூள் என்றால் இரண்டு பக்கமும் அல்லவா அடைக்க வேண்டும்? அந்த யோசனை என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வெளியே சொல்லப் பயமும் இருந்தது. அரைபட்ட கொழுந்து பதமாகப் புளித்துவிட்டதா என்று மோந்து சொல்வது என் வேலை. சூடு பார்க்கும் கருவியெல்லாம் வந்த பிறகும், என் மூக்கு சரி என்றால்தான் டீமேக்கர் ஐயா அதை அடுப்புக்கு அனுப்புவார். அதனால் ஒரு பிடி அள்ளி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, இடது மூக்கால் மட்டும் மோந்து சமாளித்தேன். ஒரு நாள் காலையில் கையிலிருந்த கொழுந்தின் மேல் இரத்தம் சொட்டியது.

"மூக்க வச்சுத்தானய்யா நீ பொழைக்கிற? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்று டீமேக்கர் ஐயா விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் உள்ளே லைட் அடித்துப் பார்த்தார். "மூக்குக்குள்ள வளர்ற கட்டியெல்லாம் ஒரே சாதி இல்லீங்க. ஒவ்வாமையில வர்றது திராட்சக் கொத்து மாதிரி இருக்கும், அநேகமா ரெண்டு பக்கமும் வரும். உள்பக்கமா மடங்கி வளர்றது இன்னொண்ணு. அது ஒரு பக்கந்தான் வரும். உங்களுக்கும் ஒரு பக்கம். அதான் யோசிக்கிறேன்."

ஒரு துண்டை வெட்டிப் போத்தலில் போட்டு அனுப்பினார்கள். சலித்த தூளை ரகம் பிரிக்கிற இடத்திலேயே காலம் தள்ளியவன் நான். இப்போது என் சதையையும் யாரோ ஒருவர் ரகம் பிரிக்கிறார். திராட்சைக் கொத்தாகவே இருக்கட்டும் தாயே, அந்த மற்றது வேண்டாம் என்று தினமும் வேண்டினேன்.

வந்தது அந்த மற்றதுதான்.

"புற்றுநோய் இல்ல" என்றார் டொக்டர். "ஆனா துளி மிச்சமிருந்தாலும் திரும்ப வரும். சிலருக்குப் புற்றாவும் மாறும். ஒப்பரேஷன் செஞ்சாலும் விடாம கிளினிக் வரணும்."

கூட வந்த என் மனைவியின் காதில் முதல் இரண்டு வார்த்தைதான் விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் லயத்தில் வரிசையாக இருக்கிற வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துப் பொங்கல் வைத்தாள். நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

ஒப்பரேஷன் முடிந்து வாசனைகூடத் திரும்பியது. மூன்று கிளினிக் ஒழுங்காகப் போனேன். நான்காவது, கொழுந்து குவிகிற மாதத்தில் வந்தது. அந்த நேரம் தொழிற்சாலையில் யாருக்கும் லீவு கிடையாது. ஐந்தாவதுக்கு யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகத்தான் போகவில்லை. "அதான் புற்று இல்லேன்னுட்டாங்களே" என்று மனைவி சொன்னாள், எனக்கும் அது வசதியாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன வாரம் அதே பக்கம் மறுபடி அடைத்தது. மனைவியிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். கமராக் குழாயை மூக்கில் விடும்வரை டொக்டர் தோட்டத்து மழையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரையையே உற்றுப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் புரியாது என்று நினைத்தோ என்னவோ, என் டொக்டர் அவரிடம் மெதுவாகச் சிங்களத்தில் "ஆயெத் எவில்லா" என்றார். மறுபடி வந்திருக்கிறதாம். சிங்களக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது புரியாதா?

மறுபடி ஒரு துண்டு வெட்டினார்கள்.

"அதே சாதிதானுங்களா டொக்டர்?"

அவர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட் வரட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அன்றைக்கு எந்தக் கட்டி வேண்டாம் என்று வேண்டினேனோ, இன்றைக்கு அதுவாகவே இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.