ஏழாவது தாள்

எங்கள் வீட்டில் பிரிண்டர் இருப்பது இந்த அடுக்குமாடி சொசைட்டியின் மூன்று விங்குக்கும் தெரியும். தெரியவைத்தது நான்தான். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்த காலத்தில் வாங்கியது. பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்யும். கம்ப்யூட்டரோடு இணைக்க வயர் கிடையாது, வைஃபையிலேயே ஓடும். வாங்கிய புதிதில் வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டுவேன். ஹாலில் சோபாவில் உட்கார்ந்தபடி போனில் தட்டினால் உள் அறையில் தாள் வந்து விழும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து, "கேட்டுச்சுங்களா?" என்பேன். கோயமுத்தூரிலிருந்து புனே வந்து நிக்டியில் வீடு வாங்கியபோதுகூட நான் இவ்வளவு பீற்றிக்கொண்டதில்லை.

மெஷினின் தலையில் ஃபீடர் என்று ஒரு தட்டு உண்டு. பத்து இருபது தாளை அதில் அடுக்கிவிட்டால் ஒவ்வொன்றாகத் தானே உள்ளே இழுத்து, ஸ்கேன் செய்து, கீழே தள்ளிவிடும். மூடியைத் தூக்கி, கண்ணாடிமேல் ஒவ்வொரு தாளாகக் கவிழ்த்து எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். சில நாள் வைஃபை பிடிக்காமல் 'ஆஃப்லைன்' என்று காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். அப்போது அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். என் முன்கோபம் மெஷினோடு நிற்பதில்லை என்று என் மனைவி சொல்வாள். சரிதான்.

ஹால் டிக்கெட், ஆதார், வாடகை அக்ரிமென்ட் என்று அக்கம்பக்கத்தார் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் பி விங் அக்காவும் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சாகணில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. நாலு தலைமுறைக்கு முன்பு கட்கி கன்டோன்மென்ட் பக்கம் வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். தமிழ் பேசுவார், இந்தியும் மராத்தியும் கலந்து. ஆனால் தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் இருந்தது.

"மம்மியோட அல்மாரி காலி பண்ணப்போ கெடச்சது, பிரதர். எனக்குத்தான் எழுதிருக்காங்க. மேல என் பேர் மட்டும் இங்கிலீஷ்ல இருக்கு, பாக்கி எல்லாம் தமிழ். நான் அன்பட் மாதிரி, எழுத்தே தெரியாதவளா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

அவருடைய அம்மா கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். போன வருஷக் கடைசியில் இறந்துபோனார். ஃபோல்டரில் கோடு போட்ட தாள்கள், ஒரு பக்கம் மட்டும் எழுதியவை, மொத்தம் பதினொன்று. பக்க எண் கிடையாது. அக்காவுக்குத் தேவை இரண்டு. அழிந்துபோவதற்குள் ஸ்கேன் செய்துவைக்க வேண்டும். பிறகு நான் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

"சர்ச்ல யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. எல்லாரும் மம்மியத் தெரிஞ்சவங்க. நீங்க வெளி ஆளு, அதான்" என்றார். பிறகு காரணத்தையும் சொன்னார். அவர் ஒரு மராத்திக்காரரைக் கட்டிக்கொண்டவர். கல்யாணத்துக்கு அப்பா வந்தார், தம்பி வந்தான், அம்மா மட்டும் வரவில்லை. பிறகு பேச்சுவார்த்தை வந்தது. பேரப்பிள்ளைகளை அந்த அம்மாதான் வளர்த்தார். ஆனால் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று இவர் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. "இருபத்தாறு வருஷம் ஆச்சு. இதுல அது இருக்கும்னு எனக்குத் தோணுது. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

கதவருகே போனவர் திரும்பி, "கண்ணாடில வெச்சு எடுங்க, பிரதர். ஃபீடர்ல போடாதீங்க. எங்க ஆஃபீஸ்லயும் இந்த மாதிரி இருக்கு. பழைய காகஸ், ஃபட்டுனு கிழிஞ்சிடும்" என்றார். "அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க்கா" என்றேன். மெஷினைப் பற்றி எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது.

மூன்று வாரம் அந்த ஃபோல்டர் என் மேஜையில் கிடந்தது. லிஃப்டில் பார்த்தால் அக்கா சிரிப்பார், கேட்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி காய்கறி வாங்கக் கிளம்பும்போது, "அந்தக்கா பேப்பரை இன்னைக்காவது முடிச்சுக் குடுத்துப்போடுங்க" என்றாள். டிவியில் கிரிக்கெட் தொடங்கவிருந்தது. கண்ணாடியில் பதினொரு தாளை ஒவ்வொன்றாக வைக்க அரை மணி நேரம் ஆகும். ஃபீடரில் போட்டால் இரண்டு நிமிஷம். அடுக்கித் தட்டிச் சமன் செய்யும்போது நடுவில் ஒரு தாளில் பழுப்பேறிய செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கவனித்தேன். ஃபீடரில் வைத்துவிட்டு, ஹாலுக்கு வந்து உட்கார்ந்து, போனில் தட்டினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கங்கள் போன் திரையில் குட்டிக் குட்டியாக வந்தன. ஆறுவரை வந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு நறநறப்பு. போய்ப் பார்த்தால் ஏழாவது தாளின் மேல்பாதி உள்ளே இருந்தது, கீழ்ப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காகிதம் சிக்கியிருக்கிறது, மேல்மூடியைத் திறக்கவும் என்று மெஷின் படம் போட்டே காட்டியது. திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று இப்போது கேட்டால் பதில் தெரியாது. வெளியே தெரிந்த பகுதியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். மூன்றில் ஒரு பங்கு கையோடு வந்துவிட்டது. மிச்சம் உருளைக்குள் வெங்காயச் சருகாகச் சுருண்டுகொண்டது. மூடியைத் திறந்து, மனைவியின் புருவம் எடுக்கும் இடுக்கியால் நோண்டினேன். டேப்பின் பசையும் மையும் கலந்து கறுப்புத் திப்பியாகத்தான் வந்தது. ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. அதைக் குப்பைக்கூடையில் போட்டேன். மறுநாள் காலையில் குப்பை வண்டி, இங்கே கண்டா காடி என்பார்கள், மணியடித்துக்கொண்டு வந்து எடுத்துப்போய்விட்டது.

மீதி நான்கு தாளையும் கண்ணாடியில் வைத்து எடுத்தேன், அவ்வளவு பதமாக. அதன் பிறகுதான் கையில் மிஞ்சிய துண்டைப் படித்தேன். டீச்சர் கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது. "...மத்தியான இடைவேளையில் ரிக்‌ஷா பிடித்து ஹால் கேட் வரைக்கும் வந்தேன். மராத்திக் கல்யாணப் பெண்ணாகக் கை நிறையப் பச்சை வளையலோடு படியில் நின்றாய். உள்ளே வரக் கால் எழவில்லை. திரும்பிப் போய் ஐந்தாவது பீரியட் எடுத்தேன்."

ஆறாவது தாளை எடுத்துப் பார்த்தேன். அதன் கடைசி வரி, "உன் கல்யாணத்துக்கு நான் வராத காரணத்தை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்" என்று முடிந்தது. துண்டை ஒரு கவரில் போட்டு, டிராயரில் மை பாட்டில்களுக்கு அடியில் வைத்தேன். மனைவி வந்து "ஆச்சுங்களா?" என்றாள். "ஆச்சு" என்றேன்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். தள்ளிப்போட்டால் எண்ணிப் பார்ப்பாரோ என்ற பயம். அவர் கணவருக்குத் தளேகாவ் கம்பெனியில் ஷிஃப்ட், வீட்டில் அவர் மட்டும்தான். டீ போட்டுவிட்டு, தலையைத் துவட்டிப் பின்னிக்கொண்டு, ஏதோ ஜெபத்துக்கு உட்காருவதுபோல என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினார். எண்ணவில்லை. நான் வரிமேல் விரல் வைத்துப் படித்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் கண் என் விரலோடு நகர்ந்துகொண்டே வந்தது.

ஆறாவது தாளின் கடைசி வரி வந்தது. படித்தேன். அங்கே நிறுத்தி, "அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், விரலை மேலே கொண்டுபோய், ஏற்கனவே படித்த இரண்டு வரிகள்மேல் மறுபடியும் மெல்ல நகர்த்திக்கொண்டே, "அன்று எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அதனால்தான் வரவில்லை. மன்னித்துக்கொள்" என்று படித்தேன். காய்ச்சல் என்றால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது என்று அந்த நொடியில் தோன்றியது. நல்லது செய்வதாகக்கூட நினைத்தேன்.

"காய்ச்சலா?" என்றார் அக்கா.

"ஆமாங்க்கா."

"அன்னிக்கு மம்மி ஸ்கூல் போயிருந்தாங்க, பிரதர். ரெஜிஸ்டர்ல ஹாஜிரி போட்டிருக்காங்க. அவங்ககூட வேலை செஞ்ச டீச்சர் எனக்கு அப்பவே சொல்லிட்டாங்க." கையிலிருந்த தாள்களை ஓரம் பார்த்து அடுக்கினார். "எழுதாமலே இருந்திருக்கலாம். சாகப்போற நேரத்துலயும் எங்கிட்டப் பொய்தான் எழுதிருக்காங்க."

அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். "அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தானுங்க்கா" என்றேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. ஒரு இறந்த மனுஷியை அவர் மகள் எதிரிலேயே பொய்க்காரியாக்கிவிட்டு, அதற்கு ஒத்தும் ஊதினேன். மிச்ச நான்கு தாளையும் படித்தேன். கேஸ் சிலிண்டர் யார் பேரில் இருக்கிறது, வளையலை எந்தப் பேத்திக்குக் கொடுப்பது என்று ஏதேதோ இருந்தது. அக்கா கேட்கவில்லை. "தேங்க்யூ பிரதர், உங்களுக்குத் தொந்தரவு" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பதின்மூன்று நாள் கழித்து, கல்லறைத் திருநாள் வருகிறதே என்று மனைவி லிஃப்டில் அக்காவிடம் பேச்சுக்குக் கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் மம்மி கல்லறைக்குப் போவதாக இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். "முதல் வருஷமாச்சே, போகாம இருப்பாங்களா? என்னவோ மனசு விட்டுப்போயிருக்குது அந்தக்காவுக்கு" என்று மனைவி என்னிடம் சொல்லிக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. டிராயரிலிருந்து கவரை எடுத்துவந்து அவள்முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டை இரண்டு தடவை படித்தாள். "கிழிஞ்சது கூடப் பரவாயில்லீங்க. அந்தக்காவுக்குப் படிக்கத் தெரியாதுங்கற தைரியந்தானுங்களே உங்களுக்கு?" என்றாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதுதான் நிஜம்.

மறுநாள் ஞாயிறு. அக்கா சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னார், போகவில்லை. வாசலிலேயே நின்று, ஃபீடரில் போட்டது, இழுத்தது, குப்பையில் போட்டது, காய்ச்சல் என்று நானே இட்டுக்கட்டியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் துண்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"படிங்க."

படித்தேன். பழக்கதோஷத்தில் வரிமேல் விரல் வைத்திருந்தேன்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"கிழிஞ்ச அன்னைக்கேங்க்கா."

அக்கா என் விரலைப் பார்த்தார். "அன்னிக்கும் இப்படித்தான் விரல் வெச்சுப் படிச்சீங்க" என்றார். பிறகு துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சொசைட்டி கேட்டுக்கு வெளியே காலை நேரத்தில் சைக்கிளில் இட்லி விற்கும் மனிதர் ஒருவர் நிற்பார். ஐம்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கம். சுற்றிலும் ஐந்தாறு பேர் கையில் காகிதத் தட்டோடு நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா நேராக அவரிடம் போய், "அண்ணா, உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?" என்றார்.

"வரும்மா. எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கம்லா."

"இதுல என்ன எழுதிருக்கு? உள்ளது மட்டும் சொல்லுங்க."

அவர் கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு, காகிதத்தைத் தூரப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படித்தார். ரிக்‌ஷா, ஹால் கேட், பச்சை வளையல், கால் எழவில்லை, ஐந்தாவது பீரியட். ஒரு வார்த்தை மாறவில்லை. சட்னிக்காகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று கேட்டார்கள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னொரு தடவை படிங்க, அண்ணா" என்றார். அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கும் தமிழ் படிக்கத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.