ராசாத்தி சொல்லாமல் விட்ட வரி

கோயில் பதிவேட்டில் அவள் பெயர் ராகேல். ஞானஸ்நானம் கொடுத்த போதகர் வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். ஊருக்கும் உறவுக்கும் அவள் ராசாத்திதான். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடும் கொஞ்சம் நெல்வயலும் வைத்திருந்த வீட்டில் பிறந்து, அரியலூருக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற சாலையோரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் நடராசன் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டினார். அவர் வழியாகத்தான் மெதடிஸ்ட் கோயில் அவளுக்கு அறிமுகமானது.

சின்னக் கோயில். ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை, நாற்பது குடும்பம். லாரிப் புழுதி படிந்து படிந்து வாசலில் இருந்த வேப்பமரம்கூட வெள்ளையடித்தது போல நிற்கும். போதகர் பெரம்பலூரில் இருந்தார். அவருக்கு இதுபோல ஆறு கோயில்கள். ஒரு பழைய மொபெட்டில் ஏறி அவர் இந்த ஊருக்கு வருவது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பர் கண்ணையன் வேதம் வாசித்து ஜெபம் செய்து முடித்துவிடுவார். அதனால் அந்தச் சபைக்கு மாதம் பிறப்பது ஒன்றாம் தேதியில் அல்ல, முதல் ஞாயிற்றில். அன்றைக்குத்தான் திருவிருந்து. அப்பமும் திராட்சைச் சாறும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் போன மாதத்துச் சண்டை சச்சரவெல்லாம் தீர்ந்துபோனது என்று கணக்கு. பாதி தீரும், பாதி தீராது. ஆனாலும் அடுத்த மாதம் இன்னொரு முதல் ஞாயிறு வருமே.

சாறு என்றா சொன்னேன்? ஆமாம், சாறுதான். குடிக்கு எதிராகச் சத்தியம் செய்து வளர்ந்த சபை அது. கிண்ணத்தில் புளித்த ரசம் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது என்பது அவர்கள் பிடிவாதம். அந்தச் சாறு காய்ச்சுகிற வேலைதான் ராசாத்தியின் வாழ்க்கை.

அவள் அதைத் தேடிப் போகவில்லை. 1995-இல், பெரம்பலூர் தனி மாவட்டமான அந்த வருஷம், நடராசன் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். தகரப்பெட்டியை அடுக்கிப் பூட்டுகிற நேரத்தில் கோயிலிலிருந்து ஆள் வந்தது. திருச்சியிலிருந்து வர வேண்டிய சாறு பாட்டில் வரவில்லை, நாளைக்கு முதல் ஞாயிறு, உலர்திராட்சை கொடுத்தால் காய்ச்சித் தர முடியுமா என்று கேட்டார்கள். செய்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அண்ணனை ஒரு நாள் காக்க வைத்தாள். மறுநாள் அந்தச் சாற்றைச் சபை முழுக்க வரிசையாக வந்து வாங்கிக் குடித்ததைக் கண்டபோது அவளுக்கு என்ன தோன்றியதோ, பெட்டியின் பூட்டைத் திறந்துவிட்டாள். அண்ணன் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு அரியலூர் ஒருமுறை தனி மாவட்டமாகி, ஒரே வருஷத்தில் பெரம்பலூரோடு மறுபடி ஒட்டவைக்கப்பட்டது. போதகர்கள் மூன்று பேர் மாறினார்கள். ராசாத்தியின் வேலை மட்டும் மாறவில்லை. பெரம்பலூர் கடைவீதியில் லப்பைக்குடிக்காட்டுக்காரர் அப்துல் சுக்கூர் பாயின் மளிகைக்கடை இருந்தது. விதையுள்ள கறுப்பு உலர்திராட்சையை அவர் அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை இரவு ஊறப்போடுவாள். சனிக்கிழமை காலையில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். பிறகு கோயில் தரையைக் கழுவிவிட்டு வருவாள். வயல்வேலை, கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை என்று பிழைப்புக்குப் பல செய்தாலும், அந்த இரண்டு நாளில் யார் கூப்பிட்டாலும் போக மாட்டாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சாறு நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால் காது கேளாதவள் மாதிரி இருந்துகொண்டே இன்னொரு முறை சொல்ல வைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பெரிய தொல்லை. ஜனவரி முதல் ஞாயிறு. அன்றைக்கு உடன்படிக்கை ஆராதனை. சபை முழுவதும் எழுந்து நின்று, கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொள்ளும். போதகர் ஒரு வரி சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் சில வருஷம் ராசாத்தியும் கிளிப்பிள்ளையாய்ச் சொல்லிவிட்டு வந்தாள். 1998-இல்தான் ஒரு வரி காதில் சரியாக விழுந்தது. ‘நீர் எங்களை வேலையில் வைத்தாலும் உம் சித்தம் ஆகட்டும். வேலையிலிருந்து விலக்கி வைத்தாலும் உம் சித்தம் ஆகட்டும்.’

அதே ஆராதனையில்தான் கண்ணையன் எல்லோர் முன்னாலும் அழுது, இனி சாராயத்தைத் தொடுவதில்லை என்று சொன்னார். சொன்னபடியே நடந்தும் காட்டினார். ஒரு மனுஷன் சொன்ன சொல்லுக்காக இப்படி உயிரைக் கொடுத்து நிற்கும்போது, மனசில் இல்லாததை நாம் எப்படி வாயால் சொல்வது என்று ராசாத்திக்கு உறைத்தது. விலக்கி வைத்தால் அவளுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பிறந்த ஊருமில்லை. சாறு காய்ச்சுகிறவள் என்பதால்தான் அவள் அங்கே ஓர் ஆள். அடுத்த ஜனவரியிலிருந்து முதல் பாதியைச் சொல்லுவாள். இரண்டாவது பாதி வரும்போது உதட்டை மூடிக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் தனத்துக்கு மட்டும் அது தெரியும். தனம் அவளைவிடப் பத்து வயது சின்னவள், அடுத்த தெரு, வாய்த்துடுக்கு. ஆனால் இந்த ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

2006 நவம்பர் மாதக் கடைசியில் கோயில் தரையைக் கழுவும்போது ராசாத்தி வழுக்கி விழுந்தாள். வலது கால் கணுக்காலுக்கு மேலே முறிந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் கீழே ஊன்றக் கூடாது, எலும்பு சேர்ந்தாலும் குத்துக்காலிட்டு உட்காருவது இனி நடக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். குத்துக்காலிடாமல் விறகடுப்பில் எப்படிக் காய்ச்சுவது? கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது.

சபை அவளைக் கைவிடவில்லை. வீட்டுக்கு ஒரு நாளாகக் கஞ்சியும் குழம்பும் வந்தன. அவளுக்கோ அதெல்லாம் வேலை போனவளுக்குக் கொடுக்கும் ஆறுதலாகவே பட்டது. செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலத்தை இறக்கிவிட்டுப் போனார். அப்துல் சுக்கூர் பாய் அனுப்பியது. மாதம் பிறக்கப்போகிறது, அம்மாவைக் காணோமே என்று விசாரித்து, கால் முறிந்ததைக் கேள்விப்பட்டு, கேட்காமலேயே திராட்சையை அனுப்பிவிட்டார். ராசாத்தி பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மறுநாள் தனம் வந்தாள். இந்த மாதம் சாறு தன் பொறுப்பு என்றாள். திராட்சை வாங்கியாயிற்று, நன்றாக ஊறட்டும் என்று இன்றைக்கே போட்டுவிடப் போகிறேன், மழைக்காலமாயிருக்கிறதே, அடுப்போரம் வைக்கலாமா என்று கேட்டாள். புதன்கிழமை ஊறப்போட்டு அடுப்பின் கதகதப்பில் மூடி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அது என்னவாகும் என்று ராசாத்திக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஒனக்குத் தெரியாததா? பாத்து செய்யி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் மூன்றாம் தேதி, முதல் ஞாயிறு. போதகர் பிரசாத் பிரசங்கத்தை முடித்துவிட்டுத் திருவிருந்து மேசைக்கு வந்தார். கண்ணையன் வழக்கம்போலச் சாற்றுக் கூஜாவை எடுத்துவந்தார். மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தனம் அன்று காலை வடிகட்டும்போது நுரையைக் கண்டாள், வாடையையும் கண்டாள். இதெல்லாம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். கொதிக்கவிட வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது. ஆனால் கண்ணையனுக்கு அந்த வாடையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாக அதற்குப் பயந்து சில தெருக்களைச் சுற்றிக்கொண்டு போகிற மனுஷன் அவர்.

கூஜாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஐயா, இத நான் தொடக் கூடாதுங்க” என்றார்.

போதகர் முகர்ந்து பார்த்தார். விஷயம் புரிந்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் கோயிலே சிரித்தது. கள்ளுக்கடைக்கு எதிராகச் சத்தியம் செய்த சபையின் மேசையில் நுரை பொங்கி நிற்கிறது, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தனம் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் போதகர், ஆராதனைக்குப் பிறகு ராசாத்தியம்மா வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோவதாக இருந்தேன், இப்போது எல்லோருமே அங்கே போவோம், அவர்களைத்தான் வழி கேட்க வேண்டும் என்றார்.

தெருவில் நாற்பது குடும்பத்தின் காலடிச் சத்தம் கேட்டபோது ராசாத்தி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாலு நாளாக அதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இல்லாமல் ஆகாது என்று சபைக்குத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு, ஆசை நிறைவேறி வாசலில் வந்து நின்றபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணையன் வாசற்படிக்கு வெளியே ஒதுங்கி நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவரை மறுபடி அந்தக் கிண்ணத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தியது தன்னுடைய மௌனம்தான் என்று அப்போதுதான் அவள் நினைத்துப் பார்த்தாள்.

போதகர் பேச வாயெடுக்கும் முன்னே அவள் பேசிவிட்டாள். “புளிச்சுடும்னு எனக்குத் தெரியும்ங்க ஐயா. தெரிஞ்சேதான் தனத்துக்கிட்ட சொல்லல.” குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பொட்டலத்தை இழுத்துப் போட்டாள். “பாய் குடுத்தனுப்புன திராட்சையும் இருந்துது. அதையும் மறைச்சுட்டேன்.”

தனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நீங்க சொல்லலன்னா நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்க்கா. கேக்காம விட்டது என் கொழுப்பு” என்றாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவசரத்துக்கு ஊறவைக்க வேண்டியதில்லை, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மசித்தால் அரைமணியில் ஆகிவிடும் என்று ராசாத்தி கட்டிலிலிருந்தே சொன்னாள். அது மட்டும்தான் சொன்னாள். மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். ஒருத்தி அடுப்பை ஊதினாள், ஒருத்தி துணியை அலசினாள், தனம் சூடு தாங்காமல் கையை உதறி உதறிப் பிழிந்தாள். தன் வீட்டில், தன் அடுப்பில், தான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது பதினொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. போதகர் அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இடம் போதாமல் பாதிப்பேர் தெருவில் நின்றார்கள்.

சாறு வந்ததும் போதகர் முதலில் கட்டிலுக்கு வந்தார். எல்லோருக்கும் கடைசியில் வாங்கிப் பழகியவள் அவள். வேண்டாம் என்று கையை ஆட்டப் போனவள், பிறகு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். சாறு கொஞ்சம் தண்ணியாக இருந்தது, வெதுவெதுப்பும் போகவில்லை. இத்தனை நாளும் இவர்கள் தன்னை வைத்திருந்தது சாற்றுக்காக அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. அழுதாள். நன்றியில் வருகிற அழுகை சத்தமாகத்தான் வரும்போலிருக்கிறது. தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவளுக்கு அடுத்து கண்ணையன் வந்து வாங்கிக்கொண்டார்.

2007 ஜனவரி முதல் ஞாயிற்றுக்குச் சாறு காய்ச்சியது தனம்தான். இனிமேலும் அவள்தான் என்று ராசாத்தியே மூப்பரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை தனம் ருசி பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தபோது, எனக்கு நாளைக்குக் கோயிலில் கொடுத்தால் போதும் என்று திருப்பி அனுப்பினாள்.

ஞாயிறு காலை அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். கட்டுப் பிரிக்க இன்னும் சில நாள் இருந்தது. உடன்படிக்கைக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் உட்கார்ந்தபடியே கைகூப்பினாள். வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ‘வேலையில் வைத்தாலும்’ என்றது சபை, அவளும் சொன்னாள். ‘வேலையிலிருந்து விலக்கி வைத்தாலும்’ என்றது சபை. பக்கத்தில் நின்ற தனம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் ஓட்டினாள். ராசாத்தியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சபை சொல்லி முடித்துவிட்டது.

போதகர் அடுத்த வரிக்கு வாயைத் திறந்த நேரத்தில் அந்தக் குரல் தனியாகப் பின்னால் வந்தது. “வேலையிலிருந்து... விலக்கி வைத்தாலும்...” பிரசாத் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அவள் ‘ஆகட்டும்’ என்று முடிக்கும்வரை அடுத்த வரியை அவர் ஆரம்பிக்கவில்லை.