கடைசிப் பக்கத்து லத்தீன்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; எந்த ர, எந்த ற என்பதெல்லாம் எனக்குக் குத்துமதிப்புதான். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவன் கம்ப்யூட்டரில் அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடித்ததால் வந்த வினைதான் இது.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் இரண்டும் என் பொறுப்பு. ஆள் வராத மத்தியானங்களில், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தமிழ் அடிக்கப் பழகினேன்.

போன வருடம் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். எங்கள் மாதா கோயிலில் திருமணப் பூசை முடிகிற நேரத்தில் பெண்ணின் அப்பா மைக்கைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். நானோ பஸ்ஸில் 'இறங்கணும்' என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிறவன். ஆகவே ஒரு யோசனை செய்தேன். பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் நன்றியை அச்சடித்துவிட்டால் மைக் வேண்டியதில்லை. ஃபாதரிடம் கேட்கவும் மகளைத்தான் அனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றாராம்.

ஜெபம், வாசகம் எல்லாவற்றையும் முதலாளியம்மா புதுக் கம்ப்யூட்டரில் அடித்துத் தந்தார். என் நன்றியை மட்டும் யார் கண்ணிலும் படாமல் பழைய கம்ப்யூட்டரில் நானே அடித்து, கடைசியில் ஒட்டிக்கொண்டேன். மகள் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, எழுத்து எறும்பு மாதிரி கீது? வேற ஃபாண்ட் போட்டு பெருசாக்கு. கிழவிங்கல்லாம் படிக்க வேணாமா?"

ஒவ்வொரு பத்தியாக மவுஸால் பிடித்து மாற்றத் தொடங்கினேன். முதல் வாசகம் தாண்டி பதிலுரைப் பாடலுக்கு வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. முதலாளியம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, ஒண்ணொண்ணா புடிச்சி மாத்திகினு கீறீங்க? இப்புடியே போனா உங்க பேரப்புள்ள கல்யாணத்துக்குத்தான் புக்கு ரெடியாவும். ஸ்டைல மாத்துங்க, எல்லாம் தானா மாறிடும்."

தலைப்பு, ஜெபம், சாதா எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டைல் உண்டாம். எந்தப் பத்தி எந்த ஸ்டைலைச் சேர்ந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு ஸ்டைலில் ஒரு தடவை ஃபாண்டை மாற்றினால் போதும், அதைச் சேர்ந்த அத்தனை பத்தியும் மாறிவிடும். என் நன்றியையும் ஜெபத்தோடு சேர்த்தேன். ஃபாண்டை மாற்றினேன். கண்ணெதிரே பக்கம் பக்கமாக எழுத்து பருத்து எழுந்தது. இத்தனை வருடம் இந்தக் கடையில் நான் செய்த எதுவும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை. அந்தத் திமிரில் இன்னும் இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. முதலாளியம்மா பக்கத்தில் நிற்கும்போது என் எழுத்தைத் திரையில் பார்க்க வெட்கம். அப்படியே பிரிண்ட் கொடுத்தேன். ஸ்டேப்ளர் பின் அடிக்கும்போதும் அந்தப் பக்கத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

பூசை நல்லபடி முடிகிற நேரம். "பொண்ணோட அப்பா கடைசிப் பக்கத்துல நமக்கெல்லாம் நன்றி எழுதியிருக்காரு, பாருங்க" என்றார் ஃபாதர். கோயில் முழுக்கத் தாள் புரளும் சத்தம். புத்தகத்தைக் கிட்டே வைத்தும் தூர வைத்தும் பார்த்தார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்: "லத்தீன்ல எழுதிக்கீறாரு." எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார்.

புத்தகத்தைத் திறந்தேன். 'என் மகள்' என்று நான் தொடங்கியிருந்த இடத்தில் vd; kfs; என்று இருந்தது. பக்கம் முழுக்க அப்படித்தான். பழைய கம்ப்யூட்டரின் தமிழ், மேலுக்குத்தான் தமிழ். புதுக் கம்ப்யூட்டரில் அடித்தது போல இல்லை, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதன் ஃபாண்டைக் கழற்றினால் வேஷம் கலைந்துவிடும். நான் ஸ்டைலாகக் கழற்றியிருந்தேன்.

ஃபாதர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கை நீட்டினார். மகள் மணக்கோலத்தில் திரும்பி, "வாப்பா" என்றாள்.

எப்படி நடந்து போனேன் என்று தெரியாது. மைக்கைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதல் வாக்கியத்தைச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. ஃபாதர் என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். மறுபடி சொன்னேன்.

"அஞ்சாவதுக்கு மேல என் பொண்ணுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. எனக்குத் தெரியாது. அது படிக்கிறப்போ பக்கத்துல குந்திகினு பென்சில் சீவிக் குடுத்தேன். அது போதும்னு நெனச்சிது பாருங்க, அதுக்கு நன்றி. வந்தவங்களுக்கும் நன்றி."

அச்சடித்ததில் இன்னும் நிறைய இருந்தது. மறந்துவிட்டது. மகள் அழுததில் கண் மையெல்லாம் கலைய, போட்டோக்காரர் என்னைத்தான் முறைத்தார்.

அந்தப் பக்கத்தில் என்னதான் எழுதியிருந்தாய் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம்பா. கையால எழுதிக் குடு. எவன் வந்தாலும் ஃபாண்ட மாத்த முடியாது."

தள்ளித் தள்ளிப் போட்டு, நடந்ததையும் சேர்த்து எழுதிவிட்டேன். விட்டுப்போன நன்றியை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது அவளுக்கு மட்டும்.

மயிலாப்பூர்,
சாம்பல் புதன், பூசைக்குப் போய் வந்த பிறகு.