பாஸ்கோ மூருப்பின் டீசல் வைத்தியம்

பாஸ்கோ என்ற பனிமலை ஊரில் பெற்ற பிள்ளைக்குக் காட்டாத பாசத்தை பேட்டரிக்குக் காட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். செவாங் மூருப் என்று பெயர். கீழ்வீட்டு நோர்சாங்கின் மூன்றாவது மகன். சஸ்போலிலிருந்து யங்தோலைக் கட்டிக்கொண்டு வந்தவர். யங்தோலின் அக்காவையும் அதே பாஸ்கோவில் மேல்வீட்டில்தான் கொடுத்திருந்தார்கள். சகோதரிகள் இருவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் மொண்டார்கள், ஒரே மூச்சில் புருஷன்மாரைத் திட்டினார்கள். அவர்களுடைய ஒரே தம்பி தாதுல் சஸ்போலில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். இவ்வளவு உறவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

மூருப்பிடம் ஒரு பழைய சின்ன பஸ் இருந்தது. குளிர்காலம் வந்துவிட்டால் பொழுது சாயும்போதே அதன் பேட்டரியைக் கழற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்து வீட்டுக்குள் கொண்டுவருவார். இரும்படுப்புக்குப் பக்கத்தில் கம்பளி விரித்துப் படுக்கவைப்பார். அடுப்பை ஒட்டி பேட்டரி, அதை அடுத்து மூருப், கடைசியாகப் பனி கசியும் சுவரோரம் யங்தோல். கல்யாணமான நாள் முதல் இதுதான் வரிசை.

"அதுக்குக் குளிர் ஆகாது" என்பார் மூருப்.

"எனக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

"உன்னைய யாரும் தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டியதில்லையே. நீதான் காலையில வாயைத் திறந்துக்கிட்டே எந்திரிக்கிறியே."

குளிர்காலத்துக்கென்று தனி டீசல் வராத காலம் அது. கோடையில் வந்த எண்ணெயையே தையில் ஊற்றினால் டாங்கியில் மெழுகாகத் திரளும், குழாயில் அடைக்கும், பல்லை இளிக்கும். அதற்கு வைத்தியம் எல்லா டிரைவருக்கும் தெரியும். டீசலில் அளவாக மண்ணெண்ணெய் கலக்க வேண்டும்; அளவு மிஞ்சினால் பம்பு வறண்டு தேயும். காலையில் சாணிக் கங்கை வாணலியில் அள்ளி டாங்கிக்கு அடியில் வைக்க வேண்டும். கிழக்குப் பார்த்த சரிவில் நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை ராத்திரி இறக்கிவிட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை மூருப் மட்டும், சாலை வளைவு டீக்கடையில், தனக்கு மட்டும் ஏதோ லாமா காதில் ஓதியதுபோலச் சொல்லுவார்.

"எஞ்சினோட நோயை நாடி பிடிச்சுப் பார்க்க வேணாம். புகையைப் பாரு. வெள்ளைப் புகையா, குளிரு. நீலப் புகையா, எஞ்சின் ஆயிலைக் குடிக்குது. கறுப்புப் புகையா, மூச்சு முட்டுது, காத்து பத்தல. புகையே இல்லாம நிக்குதா, எண்ணெய் வரல. இது தெரியாதவன் கழுதை ஓட்டப் போகலாம்."

டீக்கடையில் இதைக் கேட்டவர்கள் தேநீரை உறிஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் இதே பாடத்தைக் கேட்ட யங்தோலுக்குப் போக இடமில்லை.

இத்தனை பெரிய வைத்தியர் போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு வண்டி ஓட்டினார். டாங்கியின் அடியில் மண்ணெண்ணெய் கலக்காமல் கிடந்த கோடை எண்ணெயை மறந்துவிட்டு அதன்மேலேயே கலவையை நிரப்பினார். பஸ் பாதி வழியில் நின்றது. கல்யாணப் பெண் பனியில் நடந்து வந்து, கடைசியில் தாதுலின் ஜீப்பில் ஆட்டுக்குட்டிபோல ஒடுங்கி உட்கார்ந்து புகுந்த வீடு சேர்ந்தாள். மூருப் அன்று சொன்ன காரணம்: "இந்த வருஷக் குளிருக்கு மரியாதை தெரியல."

அதனால் இந்த வருஷம், லோசர் புத்தாண்டுப் பண்டிகை கழிந்து மேல்வீட்டுச் சோஸ்பெலுக்கு நூர்லாவில் பெண் நிச்சயமானபோது, பெண்ணை அழைத்துவர யாருடைய வண்டி என்ற பேச்சு எழுந்ததும் மேல்வீட்டுக் கூடத்தில் ஆளாளுக்கு மூருப்பைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்தார்கள். சோஸ்பெல் யாரோ எவரோ இல்லை, யங்தோலின் அக்கா மகன். தாதுல்தான் வாயைத் திறந்தான்.

"என் ஜீப்புல ரெண்டு நடை அடிச்சிடுவேன். அத்தான் பஸ்ஸு வேணாம், பாவம், அதுக்கு வயசாச்சு. சக்கரத்தைக் கழட்டி என் வீட்டு ரோட்டோரம் நிறுத்துனா அருமையான டீக்கடை ஆகும். நாலு வருஷமா கேக்கறேன்."

"டீக்கடையா? என் வண்டியா?" மூருப் எழுந்தே விட்டார். "இந்தத் தடவை எண்ணெய் உறைஞ்சு என் வண்டி வழியில நின்னுச்சுன்னா, எடுத்துக்கோடா. சாவியை இந்தக் கூடத்துலயே உன் கையில குடுக்கறேன். எல்லாரும் சாட்சி."

"சொன்ன வார்த்தை மாற மாட்டீங்களே?" என்றாள் யங்தோல். பிறகு ஒரு சொல் சேர்த்தாள்: "மூருப் லே."

பெயருக்குப் பின்னால் 'லே' போட்டால் மரியாதை. யங்தோல் புருஷனுக்கு அந்த மரியாதையைக் கோபம் வந்தால் மட்டும்தான் கொடுப்பாள்.

பெண் அழைக்கப் போகும் நாள் வந்தது. மூருப் டாங்கியை அடிவரை வடித்தார், துணியால் துடைத்தார், மண்ணெண்ணெயை மருந்துபோல அளந்து கலந்தார். கங்கு வைத்தார். எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தினார். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு பஸ்ஸும் குறை வைக்கவில்லை. ஒரே உறுமலில் கிளம்பியது. பட்டு அங்கி போட்ட பெண்ணழைப்பு ஆட்கள் பாடிக்கொண்டே ஏறினார்கள். பெண்ணுக்குத் துணையாக யங்தோலும் ஏறினாள். தாதுல் காலி ஜீப்பில் பின்னாலேயே வந்தான். அத்தானுக்குத் துணையாம்.

நூர்லாவில் பாட்டு, பார்லிக் கள், அழுகை எல்லாம் முறைப்படி முடிந்து, குன்ஸேஸ் என்ற அந்தப் பெண்ணை ஏற்றினார்கள். சோசியர் சொல்லியனுப்பியிருந்தார்: மேல்வீட்டு மாடி விளிம்பில் அடுக்கிய சுள்ளிக்கட்டிலிருந்து வெயில் இறங்குவதற்குள் பெண் படி மிதிக்க வேண்டும். தவறினால் பக்கத்து வீட்டில் தங்கி அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

புறப்படும்போது வழக்கம்போல வண்டிக்கும் மரியாதை நடந்தது. டாங்கி மூடியில் வெண்ணெய்ப் பொட்டு வைத்தார்கள். கண்ணாடியில் வெண்பட்டுத் துண்டு கட்டினார்கள். பெண்ணின் தகப்பனார் எல்லாவற்றிலும் நீளமான பட்டு ஒன்றை மூருப்பின் கையில் கொடுத்து, "வண்டிக்கு எது தலையோ அங்கே நீங்களே கட்டுங்க, அஜங் லே" என்றார். அஜங் என்றால் மாமா. யோசித்தார் மூருப். வண்டியின் முன்பக்கம், கண்ணாடியை ஒட்டி, எஞ்சின் காற்று இழுக்கிற குழாய் நிமிர்ந்து நின்றது. எஞ்சினுக்கு அதுதானே மூக்கு? மூக்கைவிட மேலானது எது? குழாயின் வாயைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இரண்டு முனையும் காற்றில் பறக்கும்படி அழகாக விட்டார்.

"அங்க எதுக்கு? கண்ணாடியில கட்டுங்க" என்றாள் யங்தோல்.

"உனக்குத் தெரியாது. இது வண்டியோட உயிர் இருக்கற இடம்."

அது உண்மைதான்.

சஸ்போல் வரை ஆற்றோரச் சமவெளி. பஸ் பாடியது, உள்ளே ஆட்கள் பாடினார்கள். சஸ்போல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மூருப் முழுசாக மிதித்தார். எஞ்சின் முழுசாக மூச்சை இழுத்தது. பட்டும் உள்ளே போனது.

பின்னால் வந்த தாதுலின் ஜீப் கண்ணாடியும் அவன் முகமும் கரிச்சட்டியாயின. பஸ் முனகியது, இருமியது, ஏற்றத்தின் நட்ட நடுவில் நின்றது.

பாட்டும் நின்றது. யாரோ மெதுவாக, "எண்ணெயா?" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதும். மூருப்பின் மண்டையில் போன வருஷம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

தாதுல் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "உறைஞ்சிருச்சா அத்தான்? கலவையில மண்ணெண்ணெய் பத்தலையோ?"

"வாயை மூடு. கல்லை வை சக்கரத்துக்கு."

மூருப் வடிகட்டியைத் திறந்தார். எண்ணெய் ஊற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவர், "இங்க தெளிஞ்சிருக்குன்னா உள்ள குழாயில திரண்டிருக்கு" என்றார். நோயாளி நன்றாக இருந்தால் நோய் ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் வைத்தியர் வகை அவர். வடிகட்டியை மூடினார். "சுடுதண்ணி! சுடுதண்ணி கொண்டாங்க!"

மலையேற்றத்தில் சுடுதண்ணீருக்கு எங்கே போவது? பெண்வீட்டார் கொடுத்தனுப்பிய வெண்ணெய்த் தேநீர்தான் பிளாஸ்கில் இருந்தது. யாரும் தடுப்பதற்குள் பிடுங்கி வடிகட்டியின் மேலும் குழாயின் மேலும் ஊற்றினார். அந்தக் குளிரில் தேநீர் ஓடியது, வெண்ணெய் அங்கேயே தங்கியது. கண் முன்னாலேயே வெள்ளையாகத் திரண்டது.

"பாத்தீங்களா? மெழுகு! வெளியிலயே தள்ளுது பாருங்க!"

வண்டி செத்தேபோனதுபோல அழைப்பு ஆட்கள் தொப்பியைக் கழற்றாத குறை. தாதுல் உள்ளங்கையை நீட்டினான். "சாவி?"

மாடிச் சுள்ளிக்கட்டில் வெயில் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெண் குன்ஸேஸ் கண்ணீரைத் துடைப்பதை நிறுத்தி, "இதுக்கா எங்கப்பா என்னை அழ அழ அனுப்பினாரு?" என்று கேட்டாள்.

யங்தோல் இறங்கி வந்தாள். வடிகட்டியின் மேலிருந்த அந்த மெழுகை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"உப்புக் கரிக்குது. உங்க டீசல்ல உப்பு போடறதுண்டா, மூருப் லே?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உனக்கு என்ன தெரியும் எஞ்சினைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. சுவரோரம் படுத்துக்கிட்டு நீங்க பேட்டரிகிட்டச் சொல்றதைக் கேக்கறேன், அவ்வளவுதான். நிக்கும்போது என்ன புகை வந்துச்சு?"

"கறுப்பு" என்றான் தாதுல், முகத்தில் அதற்கான சாட்சியோடு.

"கறுப்புன்னா என்னங்க?"

மூருப் வாயைத் திறந்தார். "மூச்சு முட்டுது, காத்து..." என்று டீக்கடைப் பாடம் பாதியில் நின்றது. ஊருக்குத்தானே உபதேசம்? அவர் மெல்லத் திரும்பிக் காற்றுக் குழாயைப் பார்த்தார். முடிச்சு இருந்த இடத்தில் ஒரு விரலளவு வெள்ளை வால் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

யங்தோல்தான் சக்கரத்தில் கால் வைத்து ஏறி இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. பெண்ணின் தகப்பனார் கொடுத்த பட்டு, உள்ளே காற்றைச் சலிக்கும் கிண்ணத்து எண்ணெயில் முழுகி, அடுப்புத் துணிபோலக் கறுத்துச் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. திறந்த வடிகட்டியில் புகுந்த காற்றைப் பம்படித்து வெளியேற்றியதும், எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல உறுமியது.

மேல்வீட்டு முற்றத்தில் பஸ் நின்றபோது சுள்ளிக்கட்டின் மேல்வரிசையில் ஒரு கையகலம் வெயில் இருந்தது. குன்ஸேஸ் படி மிதித்தாள்.

கூடத்தில் கள்ளு வந்ததும் தாதுல் எழுந்தான். "வண்டி நின்னது நின்னதுதானே? சாவி என் கைக்கு வரணும்."

"எண்ணெய் உறைஞ்சு நின்னாத்தான்னு சொன்னேன்" என்றார் மூருப். சத்தம் மட்டும் வைத்தியர் சத்தமாக இல்லை. "எண்ணெய் உறையலையே."

எல்லாரும் யங்தோலைப் பார்த்தார்கள்.

"அவர் சொல்றது சரிதான்டா தம்பி. எண்ணெய்மேல ஒரு குத்தமும் இல்ல. நல்லாக் கலந்திருந்தாரு. வண்டி அவருக்குத்தான்." தாதுல் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஆனா இவ்வளவு நல்லா வண்டி ஓட்டினவருக்கு ஒரு மரியாதை செய்ய வேணாமா?"

அங்கியின் மடிப்பிலிருந்து அந்தக் கறுத்த பட்டுத் துண்டை எடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, முறைப்படி தலை குனிந்து, எண்ணெய் சொட்ட மூருப்பின் கழுத்தில் போட்டாள். பட்டு போட்டால் மறுக்கக் கூடாது, அன்றைக்குள் கழற்றவும் கூடாது. அவர் கல்யாணம் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தார். புது அங்கி வேறு.

வீட்டுக்குப் போனதும் யங்தோல் பேட்டரியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கத்துக் கம்பளியில் காலை நீட்டிப் படுத்தாள். மூருப் சுவரோரம் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். காலையில் பஸ்ஸைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. தாதுலும் தள்ளினான்.

அதன்பிறகு மூருப் டீக்கடையில் பாடம் சொல்வதை விட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசிவரை சொன்னார். வெள்ளைப் புகையைப் பற்றிச் சொன்னார், நீலப் புகையைப் பற்றிச் சொன்னார். அடுத்த நிறம் வரும்போது தேநீர் ஆறிவிட்டது என்று எழுந்துவிடுவார்.