மாத்திரை போட்டாச்சுங்க, ஐயா

இல்லை, நீங்களே சொல்லுங்கள், இப்படிப்பட்ட மனுஷர் போய்விட்டார் என்று போனில் சொன்னால் மனசு ஒப்புமா? செவ்வாய்க்கிழமை காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கிணத்துக்கடவில் எங்களுக்குப் போதகராக இருந்த எபநேசர் ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றார்கள். குழம்பைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லியான ஆள். பழைய ஸ்கூட்டர். தோள்பையில் எப்போதும் ஒரு கிரேக்கப் புதிய ஏற்பாடு. எட்டாவதோடு நின்ற எனக்கே கிரேக்கத்தில் ஒரு வார்த்தை தெரியும் என்றால், அது அவரால்தான். நாய் என்றால் மட்டும் அவருக்குக் குலைநடுக்கம். எங்கள் டைகரைக் கட்டிய பிறகுதான் கேட்டைத் திறப்பார்.

"கடிக்காதுங்க ஐயா, நம்பி வாங்க!" என்பார் என் வீட்டுக்காரர்.

"நம்பறேனுங்க. நீங்க கட்டியும் போடுங்க."

ஏழு வருஷத்துக்கு முன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், மாத்திரை தின்கிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று பிரசங்கித்தார். நான் மாத்திரைகளைக் குப்பைக்குழியில் கொட்டினேன். அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில், அவர் சுகமாகிவிட்டார் என்று முன்கூட்டியே சாட்சியும் சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா தட்டவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் சமையலறையில் நின்றார்.

"அம்மணி, அண்ணன் மாத்திரை எங்கீங்க?"

"குடுத்தா என் விசுவாசம் போயிருமுங்க ஐயா."

திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்.

"விசுவாசம்னு நாம படிக்கறது கிரேக்கத்துல பிஸ்டிஸ்ங்க. ஒருத்தரை நம்பி, அவர விடாம ஒட்டி நிக்கறதுங்க. பந்தயம் கட்டறதில்லீங்க. பைபிள்ல பெரும்பாடுள்ள அந்தம்மா, பன்னெண்டு வருஷம் ரத்தப்போக்குல கெடந்தவங்க, எத்தனையோ வைத்தியர்கிட்டப் போயிட்டுத்தான ஆண்டவர்கிட்ட வந்தாங்க? ஏன் போனேன்னு அவர் ஒரு வார்த்தை கேக்கலீங்களே. உன் விசுவாசம் உன்னைச் சொகமாக்குச்சுன்னுதான சொன்னாருங்க?"

"அப்ப நான் சொன்ன சாட்சி பொய்யாயிருமுங்களே!"

"பொய்யானா ஆவட்டுமுங்க. அண்ணனுக்குக் கால் இருக்கோணும். கெளம்புங்க."

அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு விரல் போனது, கால் தப்பியது. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து, நான் சொன்னது பொய் என்று அழுதேன். ஐயா ஒருவர் மட்டும் கைதட்டினார்.

புண் ஆறும்வரை தினமும் எட்டு மணிக்கு கேட்டருகே அவர் குரல் கேட்கும்: "டைகரைக் கட்டியாச்சுங்களா? ஜெபம் ஆச்சுங்களா? மாத்திரை உள்ள போச்சுங்களா?"

நேற்று கல்லறைத் தோட்டத்துக்கு என் வீட்டுக்காரர் தன் காலால் நடந்து வந்தார். ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் குனிந்து, "மாத்திரை போட்டாச்சுங்க, ஐயா" என்றார். போய் வாருங்கள் ஐயா, அங்கே பார்ப்போம்.

அட, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவர் சமையலறை வரைக்கும் வந்து நின்ற அந்த முதல் நாள், டைகரை நாங்கள் கட்டவே இல்லை.